பங்கு 705 ரூபாயா, 75 ரூபாயா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கென்று நாற்பது நீள் வகுத்தல் கணக்குகள் கொண்ட அச்சுத் தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். தாள் முழுக்கப் பனி மனிதனும் கலைமானுமாகப் படங்கள். விடைக்கு ஏற்றபடி வண்ணம் தீட்ட வேண்டுமாம். வண்ணம் தீட்டும் ஆசையில் உட்காருபவள் இரண்டாவது கணக்கிலேயே அழத் தொடங்கிவிடுகிறாள். 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்று எழுதுகிறாள். சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரியாகப் போடுகிறாள். மறுநாள் மறுபடியும் அதே தவறு. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். வாய்ப்பாடு முழுவதும் மனப்பாடமான பிறகுதான் வகுத்தலைத் தொடங்க வேண்டுமா? கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் என்று பண்டிகைகளை வைத்து நாங்களே வீட்டில் கணக்கு உண்டாக்கிக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் மாலையில் அவளோடு சேர்ந்து படிக்க வருகிறார்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் கணக்குக் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு வகுத்தல் தெரியும். 612-இல் முதல் 6-ஐ ஆறால் வகுத்து 1 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த 1-ஐ ஆறு பேருக்குப் பங்கிட முடியாது என்று கண்டு, பக்கத்திலிருந்த 2-ஐயும் சேர்த்து 12 ஆக்கிக்கொண்டிருக்கிறாள். அதை ஆறால் வகுத்து 2 என்று எழுதியிருக்கிறாள். அவள் எழுதியது எல்லாம் சரி. எழுதாமல் விட்ட ஒரே ஒரு பூஜ்ஜியம்தான் 102-ஐ 12 ஆக்கிவிட்டது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு இதுதான். கவனக்குறைவு என்று சொல்லித் திட்டினால் இது போகாது. ஏனென்றால் இது கவனக்குறைவால் வருவதே இல்லை.

பிறகு எதனால் வருகிறது? நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதத்தால் வருகிறது. நான் பணியில் சேர்ந்த புதிதில் "வகு, பெருக்கு, கழி, இறக்கு" என்ற நான்கு சொற்களையும் பாட்டுப் போலச் சொல்லவைத்து நீள் வகுத்தலைக் கற்பித்தேன். பிள்ளைகள் பாட்டை மறக்கவில்லை. ஆனால் எதை வகுக்கிறோம், எதை இறக்குகிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே போயிற்று. கடலோரப் பள்ளி ஒன்றில் ஒரு மாணவன் 824-ஐ 8-ஆல் வகுத்து 13 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேனே தவிர, எப்படிப் போட்டாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை கரையில் அவனைப் பார்த்தேன். தாயின் பக்கத்தில் குந்தியிருந்து மீனுக்குக் கூறு வைத்துக்கொண்டிருந்தான். ஆறு கூறுகள். பெரிய நகரை மீன்களை முதலில் கூறுக்கு ஒன்றாக வைத்தான். அப்புறம் நடுத்தர மீன்கள். கடைசியில் பொடி மீன்களைக் கையளவாக அள்ளிப் போட்டான். ஆறு கூறுக்கும் வராமல் இரண்டு பெரிய மீன்கள் மிஞ்சியபோது, அவற்றை இரண்டு கூறுகளில் வைத்துவிட்டு, மற்ற நான்கு கூறுகளிலும் அதற்கு ஈடாகப் பொடி மீனைக் கூட்டினான். பெரியதில் தொடங்கிப் பங்கிடுவது, பங்கிட முடியாமல் மிஞ்சியதைச் சிறியதாக மாற்றிப் பங்கிடுவது என்று, நீள் வகுத்தலில் இருப்பது அனைத்தும் அந்த மணலில் இருந்தது. நான் வகுப்பறையில் கற்பிக்கத் தவறியதை அவன் தாயிடமிருந்து கற்றிருந்தான்.

ஆகவே, பண்டிகைக் கணக்குகளை வீட்டிலேயே உண்டாக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, அவசியம் உண்டாக்குங்கள் என்பதே என் பதில். ஆனால் தாளின் ஓரத்தில் நட்சத்திரம் வரைந்துவிட்டால் அது பண்டிகைக் கணக்கு ஆகிவிடாது. பங்கிட வேண்டிய ஒரு பொருள் கணக்குக்குள் இருக்க வேண்டும். விடை தவறினால் யாருக்கோ பங்கு குறைகிறது என்பது பிள்ளைக்கே தெரிய வேண்டும்.

விடுமுறையின் முதல் நாள் இதைச் செய்து பாருங்கள். அவளுடைய அப்பாவின் வள்ளம் ஒரு நாள் பிடித்து வந்த மீனை விற்று, டீசல், ஐஸ் செலவு போக 5,640 ரூபாய் நிற்கிறது என்றும், வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்குகளைச் சேர்த்து மொத்தம் எட்டுப் பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். பங்கு வைக்கும் முறை ஊருக்கு ஊர், வள்ளத்துக்கு வள்ளம் மாறும் என்பதால், முதல் நாளைக்கு மட்டும் நான் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து உங்கள் வள்ளத்தின் எண்ணையே பயன்படுத்துங்கள். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து ஆயிரம், நூறு, பத்து என்று எழுதிய சீட்டுகளைப் பிள்ளைகளே செய்யட்டும். ஒரு ரூபாய்க்குக் கரையில் பொறுக்கிய சிப்பிகள் போதும். தரையில் எட்டுச் சிரட்டைகளை வரிசையாக வையுங்கள். ஆயிரம் ஐந்து, நூறு ஆறு, பத்து நான்கு, இதுதான் 5,640.

இனி நீங்கள் கேட்க வேண்டும், அவள் செய்ய வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சீட்டு ஐந்துதான் இருக்கிறது. எட்டுச் சிரட்டைக்கும் ஒவ்வொன்று வருமா? வராது. அப்படியானால் அந்த ஐந்தையும் நூறு ரூபாய்ச் சீட்டுகளாக மாற்றச் சொல்லுங்கள். ஐம்பது கிடைக்கும், ஏற்கெனவே உள்ள ஆறோடு ஐம்பத்தாறு. சிரட்டைக்கு ஏழு வீதம் போட்டால் நூறு ரூபாய்ச் சீட்டு ஒன்றும் மிஞ்சாது. ஈவின் நூறாம் இடத்தில் 7 என்று அவளே எழுதட்டும். அடுத்து பத்து ரூபாய்ச் சீட்டு நான்கு இருக்கிறது. எட்டுச் சிரட்டைக்கும் வருமா? வராது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், அவளையும் அவசரப்படுத்தாதீர்கள். எட்டுச் சிரட்டையையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய்ச் சீட்டு எதிலாவது விழுந்திருக்கிறதா? இல்லை. இல்லை என்பதை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று கேளுங்கள். அவள் பூஜ்ஜியம் என்று சொல்லும் வரை காத்திருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிறகு நான்கு பத்தையும் நாற்பது சிப்பிகளாக மாற்றினால் சிரட்டைக்கு ஐந்து. ஒவ்வொரு சிரட்டையிலும் நூறு ஏழு, பத்து எதுவும் இல்லை, சிப்பி ஐந்து. ஒரு பங்கு 705 ரூபாய்.

எல்லாம் முடிந்த பிறகு, அப்பா வீட்டில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, "பங்குக்கு 75 ரூபாய் என்று கணக்கு வந்தால் ஒத்துக்கொள்வீர்களா?" என்று உங்கள் மகளையே கேட்கவையுங்கள். எட்டுப் பங்குக்கும் 75 வீதம் கொடுத்தால் 600 ரூபாய்தான் ஆகிறது. மீதி 5,040 ரூபாய் எங்கே போயிற்று என்று அவர் கேட்காமல் இருக்க மாட்டார். ஒரு பூஜ்ஜியத்தின் விலையை ஆசிரியர் சொல்வதைவிட அப்பா கேட்கும் அந்தக் கேள்வி நன்றாகப் பதியவைக்கும். விடையைப் பெருக்கிச் சரிபார்க்கும் வழக்கமும் அங்கேயே தொடங்கிவிடும். வகுக்கும் எண்ணை ஈவால் பெருக்கி, மீதி இருந்தால் அதையும் கூட்டினால் வகுபடும் எண் வந்தாக வேண்டும் என்று பாடநூலில் உள்ள விதி, வீட்டு மொழியில் "கொடுத்ததையெல்லாம் கூட்டினால் இருந்தது வர வேண்டும்" என்பதுதான்.

இங்கே நம் பேச்சு வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் நானும் படித்த காலத்தில் "நாலில் எட்டு போகாது, ஒரு சைபர் போட்டு அடுத்ததை இறக்கு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். போகாது என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. சைபர் போடு என்ற பாதி காதில் விழுவதே இல்லை. அதற்குப் பதிலாக, "பத்தின் இடத்தில் ஆளுக்கு எத்தனை வந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒன்றும் வரவில்லை என்பதும் ஒரு பதில், அந்தப் பதிலை எழுதியாக வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியும். இறக்கு என்ற சொல்லையும் இரண்டு நாட்களுக்கு விட்டுவிட்டு, சில்லறை மாற்று என்று சொல்லுங்கள். மிஞ்சிய நான்கு பத்தோடு ஒன்றாம் இடத்திலிருந்த பூஜ்ஜியத்தை இறக்கி 40 என்று எழுதுவதும், நான்கு பத்து ரூபாய்ச் சீட்டுகளை நாற்பது ஒரு ரூபாயாக மாற்றுவதும் ஒரே செயல்தான்.

சீட்டும் சிப்பியும் இல்லாமல் நோட்டில் போடத் தொடங்கும்போது, முதல் எண்ணை எழுதுவதற்கு முன்பே விடையில் எத்தனை இலக்கங்கள் வரும் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். 5,640-ஐ எட்டால் வகுக்கும்போது ஆயிரத்தில் பங்கு வராது, நூறில்தான் வரும். ஆகவே நூறு, பத்து, ஒன்று என்று மூன்று இடங்கள். ஈவு எழுத வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கட்டும். கடைசியில் ஒரு புள்ளி நிரம்பாமல் நின்றால் எங்கோ ஒரு பூஜ்ஜியம் விடுபட்டுள்ளது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு முழு வகுப்பையே இந்தத் தவறிலிருந்து மீட்க எனக்கு உதவியவை இந்த மூன்று புள்ளிகள்தான்.

விடுமுறையில் இராமேசுவரம் போகாத பிள்ளை உங்கள் தெருவில் இருக்காது. இராமநாதசுவாமி கோயிலின் வெளிப் பிராகாரத்தில் 1,212 தூண்கள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு வரிசைக்கு 12 தூண் என்று எண்ணினால் எத்தனை வரிசை என்று கேளுங்கள். பூஜ்ஜியத்தை விடும் பிள்ளை 11 என்று எழுதும். அந்த நீண்ட பிராகாரத்தை நடந்து பார்த்த பிள்ளையிடம், பதினொரே வரிசையா என்று மட்டும் கேளுங்கள். 101 என்று தானே திருத்திக்கொள்ளும். அதே எண்ணை 4-ஆல் வகுத்தால் 303, 6-ஆல் வகுத்தால் 202. பூஜ்ஜியத்தைப் பழக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான எண் நம் கடற்கரையில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வாய்ப்பாட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுவதும் மனப்பாடமாகும் வரை வகுத்தலை நிறுத்திவைக்க வேண்டாம். வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளை, வகுத்தலின் ஒவ்வொரு படியிலும் இரண்டு சுமைகளைத் தூக்குகிறது. அழுகை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. எட்டால் வகுக்கும் கணக்கு என்றால், தொடங்குவதற்கு முன் 8, 16, 24 என்று 72 வரை தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அது பார்த்து எழுதுவது ஆகாதா என்று தயங்காதீர்கள். இன்றைக்கு அவள் கற்பது பங்கிடும் முறையை. ஓரத்தில் எழுதி எழுதியே எட்டாம் வாய்ப்பாடும் பத்து நாளில் வாய்க்கு வந்துவிடும்.

எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக நிற்காததாலும் பல பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதட்டும். அது இல்லையென்றால் கோடு போட்ட சாதாரண நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓர் இலக்கம் என்று எழுதலாம்.

இனி மீதி. நீள் வகுத்தலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பண்டிகைக் கணக்குகள் உண்மையாகவே உயிர் பெறுவதும் இங்கேதான். அச்சுத் தாளில் மீதி 7 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். வீட்டில் அப்படிப் போக முடியாது. அந்த 7-ஐ என்ன செய்வது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் 135 அச்சு முறுக்கு சுட்டு, உறவினர்களுக்குக் கொடுக்க உறைக்கு எட்டு வீதம் போடுகிறீர்கள் என்றால் 16 உறைகள் நிரம்பும், மீதி 7. நிரம்பிய உறைகள் எத்தனை என்பதுதான் கேள்வி என்பதால் ஏழும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதே விடுமுறையில் தெருவிலிருந்து 130 பேர் அரிச்சல்முனைக்குப் போக நினைத்து, ஒரு வேனில் 12 பேர் ஏறலாம் என்றால், 10 வேன் நிரம்பிப் பத்துப் பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது. பதினோராவது வேன் வேண்டும். அப்பாவின் கணக்கில் 5,640-க்குப் பதில் 5,644 இருந்தால் மீதி 4 ரூபாய். ஆளுக்கு ஐம்பது காசு என்று மேலும் வகுக்கலாம், ஆனால் கரையில் அதைத் தேநீருக்குத்தான் வைப்பார்கள். கணக்கு ஒன்றேபோல் இருந்தாலும் மீதிக்கு மூன்று வேறு முடிவுகள். ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும், "மீதியை என்ன செய்தாய், ஏன்?" என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்துக் கூடுதல் கணக்குகளுக்கு ஈடாக நான் மதிப்பேன்.

மீதியே விடையாகிவிடும் கணக்குகளும் உண்டு. அவை நாட்காட்டியில் இருக்கின்றன. 365-ஐ 7-ஆல் வகுத்தால் 52 வாரம், மீதி 1. அந்த ஒரு நாளால்தான் கிறிஸ்துமஸ் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிழமை தள்ளிப் போகிறது. 2024-இல் புதன், 2025-இல் வியாழன், 2026-இல் வெள்ளி. ஆனால் 2023-இல் திங்கள்கிழமை வந்தது 2024-இல் செவ்வாயைத் தாண்டிப் புதனுக்குப் போனது ஏன் என்று கேளுங்கள். இடையில் பிப்ரவரி 29 வந்ததால் 366 நாள். ஏழால் வகுத்தால் மீதி 2. நான்கு பிள்ளைகளும் அவரவர் பிறந்தநாள் அடுத்த ஆண்டு எந்தக் கிழமையில் வரும் என்று கண்டுபிடிக்கட்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை எட்டு வாரமும் ஐந்து நாளுமாகப் பிரிப்பதும் அவர்களுக்கு ஒரு கணக்கு.

ரம்ஜானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறையைக் கொண்டு எண்ணும் ஆண்டுக்குப் பெரும்பாலும் 354 நாள். 365-இலிருந்து கழித்தால் 11. அதனால் ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. 365-ஐ 11-ஆல் வகுத்தால் 33, மீதி 2. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் பண்டிகை எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். பிள்ளைகள் இந்த விடையோடு அக்கம்பக்கத்து இஸ்லாமியர் வீட்டுப் பாட்டி ஒருவரிடம் போய், நீங்கள் சிறுமியாக இருந்தபோது நோன்பு வெயில் காலத்தில் வந்ததா, மழைக் காலத்தில் வந்ததா என்று கேட்டுச் சரிபார்க்கட்டும். 354-ஐ 12 மாதங்களுக்குப் பங்கிட்டால் 29, மீதி 6. மிஞ்சிய ஆறு நாளை ஆறு மாதங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஆறு மாதம் 30 நாள், ஆறு மாதம் 29 நாள். எந்த மாதத்துக்கு எத்தனை என்பதைப் பிறை முடிவு செய்யும். ஆனால் பிறை மாதம் ஏன் 29 அல்லது 30 நாளாக இருக்கிறது என்பதை இந்த வகுத்தலே காட்டிவிடுகிறது.

ஆங்கில மாதங்களுக்கும் இதைச் செய்து பார்க்கலாம். 365-ஐ 12-ஆல் வகுத்தால் 30, மீதி 5. (இங்கும் ஈவில் ஒரு பூஜ்ஜியம் இருப்பதைக் கவனியுங்கள்.) அப்படியானால் ஐந்து மாதங்களுக்குத்தானே 31 நாள் இருக்க வேண்டும்? கைமுட்டிகளை மடக்கி எண்ணிப் பார்த்தால் ஏழு மாதங்கள் வருகின்றன. கூடுதலான இரண்டு எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். பிப்ரவரிக்கு வர வேண்டிய முப்பதில் இரண்டு குறைவதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

ஈரிலக்க எண்ணால் வகுப்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். இதை விடுமுறையின் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் சுமார் 2,345 மீட்டர். ஒரு நிமிடத்துக்கு 67 மீட்டர் நடப்பவர் அதைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும்? 67-ஆம் வாய்ப்பாடு யாருக்கும் தெரியாது. ஆகவே 67-ஐ 70 என்று மனதில் வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டும். 234-இல் எழுபது மூன்று முறை அடங்கும். 67-ஐ மூன்றால் பெருக்கினால் 201, கழித்தால் 33, 5-ஐ இறக்கினால் 335. இதில் எழுபது நான்கு முறைதான் அடங்கும் என்று தோன்றும். நான்கு போட்டால் 268, கழித்தால் மிஞ்சுவது 67. மீதி 67, வகுக்கும் எண்ணும் 67! இன்னொரு பங்கு கொடுக்கும் அளவுக்குக் கையில் இருக்கும்போது அதை மீதி என்று சொல்லக் கூடாது. நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுத வேண்டும். விடை 35 நிமிடம். ஊகம் தவறியதைக் கண்டு பிள்ளை துவளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரிலக்க வகுத்தலில் ஊகிப்பதும், கூடினாலோ குறைந்தாலோ திருத்துவதும் முறையின் பகுதியே. பென்சிலும் அழிப்பானும் அதற்காகத்தான்.

பனி மனிதன் தாளை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். பள்ளி கொடுத்த வேலையை முடித்துக் கொடுப்பதுதான் முறை. விடைக்கேற்ற வண்ணம் என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தவறான விடை வந்தால் அதற்குரிய வண்ணமே இருக்காது என்பதால் பிள்ளை தானே திரும்பிப் பார்க்கும். ஆனால் படத்தைப் பார்த்தே இது தொப்பி, இதற்குச் சிவப்பு என்று வண்ணத்தை முதலில் தீட்டிவிட்டு விடையைப் பின்னால் பொருத்தும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கணக்கை நோட்டில் போட்டுப் பெருக்கிச் சரிபார்த்த பிறகே வண்ணப் பென்சில் பெட்டியைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியையே பார்த்திராத பிள்ளைக்கு இந்தப் படம் ஏன் என்று நீங்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது. விருப்பமிருந்தால் தாளின் பின்பக்கத்தில் அவள் தன் கையாலேயே ஒரு வள்ளத்தையும் எட்டுச் சிரட்டையையும் வரையட்டும். பள்ளி திறந்ததும் அவளுடைய ஆசிரியரிடம் அதைக் காட்டி 5,640 ரூபாய்க் கணக்கைச் சொல்லவும் செய்யட்டும். ஆசிரியர் மகிழ்வார் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பது கணக்கையும் எப்படிப் போடுவது என்பதையே முதல் கணக்காக வையுங்கள். விடுமுறை ஒன்பது நாள் என்றால், முதல் இரண்டு நாள் சீட்டும் சிப்பியும்தான், தாளைத் தொட வேண்டாம். கிறிஸ்துமஸ் அன்று கணக்கே வேண்டாம். மீதமுள்ளவை ஆறு நாள். நாற்பதை ஆறால் வகுத்தால் நாளுக்கு ஆறு, மீதி 4. அந்த நான்கு கணக்குகளை எந்தெந்த நாளில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்வது, அல்லது நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடுவதா என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். நாட்காட்டியை அவள் கையில் கொடுத்து, அவளே வட்டமிட்ட பிறகு தாளை எடுங்கள்.